முகவரி காட்டும் கருவியும் விடுபட்ட ஊர்ப் பெயர்களும்

ஊராட்சிகளில் நடைபெறும் வேலைகளுக்கு இப்பொழுது எழுத்துச் சான்று மட்டும் போதுவதில்லை. கிணறு வெட்டினாலும், சிறுபாலம் கட்டினாலும், வீடு எழுப்பினாலும், அந்த இடத்திலேயே நின்று கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், வீடு கட்டுவதன் ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியுடன் கூடிய படம் கேட்கப்படுவதை உறுப்பினர்கள் அறிவார்கள். இத்தகைய படங்கள் பலவற்றின் அடியில் இரண்டு எண்களும், அவற்றை ஒட்டி ஒரு முகவரியும் அச்சாகி வருகின்றன.

அந்த முகவரியைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்த்தவர்கள் வியப்படைந்திருப்பார்கள். கதவு எண் இராது. தெருவின் பெயர் இராது. சில வேளைகளில் ஊரின் பெயரே இராது. அதற்குப் பதிலாக, பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாலுகா நகரின் பெயர் வந்து நிற்கும். அல்லது 'பெயரற்ற சாலை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும்.

நாம் பார்த்த ஒரு வேலைப் பதிவேட்டில், மூன்று குக்கிராமங்களில் நடைபெற்ற மூன்று வேலைகளுக்கும் முகவரி ஒன்றாகவே இருந்தது. மூன்றும் 'பெயரற்ற சாலை'யில் நடைபெற்றனவாம். எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. கருவி சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்தார். ஆனால் படத்தின் அடியில் இருந்த இரண்டு எண்களை அவர் எழுதவில்லை. ஓராண்டு கழிந்து, எந்தச் சிறுபாலம் எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வி பிறந்தபொழுது, படம் எடுத்த கைப்பேசியும் கைமாறிப் போயிருந்தது. வேலை நடந்தது உண்மை. கூலி கொடுத்ததும் உண்மை. அதை மெய்ப்பிக்க ஊர் ஊராக நடந்து சாட்சி தேட வேண்டியதாயிற்று.

கருவி செய்வது என்ன?

கைப்பேசிக்கு நமது ஊரின் பெயர் தெரியாது. வானில் சுற்றும் செயற்கைக் கோள்களிலிருந்து வரும் சைகைகளைக் கொண்டு, தான் நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அது கணக்கிடுகிறது. அவ்வளவே அதன் சொந்த அறிவு. பிறகு அந்த இரண்டு எண்களையும் எங்கோ உள்ள ஒரு பெரிய கணினிக்கு அனுப்பி, "இந்த இடத்திற்குப் பெயர் என்ன?" என்று கேட்கிறது. அக்கணினி தன்னிடம் உள்ள நிலப்படத்தைப் புரட்டிப் பார்த்து, கதவு எண், தெரு, குக்கிராமம், கிராமம், வட்டம், மாவட்டம், மாநிலம், அஞ்சல் குறியீட்டு எண் என்று தனித்தனிக் கலங்களாக விடை அனுப்புகிறது.

முகவரியைக் கொடுத்து இடத்தைத் தேடுவது தபால்காரரின் வேலை. இதுவோ அதற்கு நேர் மாறானது. இடத்தைக் காட்டி முகவரியைக் கேட்பதாகும். வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவரை நம் வயல் வரப்பில் நிறுத்தி, "இது எந்த ஊர்?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? மாவட்டத்தின் பெயரைத் தயங்காமல் சொல்வார். வட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். அதற்குமேல் தூரத்தில் தெரியும் நெடுஞ்சாலையையோ, தாம் பேருந்து விட்டு இறங்கிய ஊரையோ சொல்வார். கணினியும் அப்படித்தான் செய்கிறது.

மாநிலம், மாவட்டம் முதலியவற்றின் எல்லைக் கோடுகள் நிலப்படத்தில் உள்ளன. நாம் நிற்கும் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துக் கணினி உறுதியாகச் சொல்லிவிடுகிறது. தெருவுக்கும் வீட்டுக்கும் அவ்வாறு எல்லைக் கோடு கிடையாது. ஆகவே புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை, எந்தக் கட்டடம் படத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை எடுத்துக் கொள்கிறது. அருகில் ஒன்றும் குறிக்கப்படவில்லையென்றால், ஒன்று கலம் வெறுமையாக வரும். அல்லது தொலைவில் உள்ள ஒன்றின் பெயர் வரும். வெறுமையைவிட இந்த இரண்டாவதே நம்மை அதிகமாக ஏமாற்றுவதாகும். வெறுமை கண்ணுக்குத் தெரியும். தவறான பெயரோ சரியானதைப் போலவே தோன்றும்.

கலம் ஏன் வெறுமையாகிறது?

முதலாவதாக, அந்த இடத்திற்கு உண்மையிலேயே தெருவும் கதவு எண்ணும் இல்லாமல் இருக்கலாம். கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்போரை எண்ணிப் பாருங்கள். களத்து மேட்டுக்கும் கண்மாய்க் கரைக்கும் தெருப் பெயர் ஏது? இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜப்பான் நாட்டில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது; மனைத் தொகுதிகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களாலேயே முகவரி எழுதுகிறார்கள். அயர்லாந்து நாட்டின் நாட்டுப்புறங்களில் ஒரே ஊர்ப் பெயரைப் பல வீடுகள் முகவரியாகப் பகிர்ந்துகொண்டிருந்தன. 2015-ஆம் ஆண்டில்தான் ஒவ்வொரு முகவரிக்கும் ஏழு எழுத்து எண் கொண்ட தனிக் குறியீடு அங்கே வழங்கப்பட்டது. முகவரி என்பது எல்லா இடங்களிலும் ஒரே அச்சில் வார்த்தது அன்று.

இரண்டாவது காரணம் நமக்கு மிகவும் நெருக்கமானது. ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, நிலப்படத்தில் இல்லை. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் இருந்த காலத்துக் கணக்கின்படி, அவற்றுள் அடங்கிய குக்கிராமங்கள் 79 ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அதாவது ஓர் ஊராட்சிக்குச் சராசரி ஆறு குடியிருப்புகளுக்கு மேல். இவற்றுள் தாய்க் கிராமத்தின் பெயர் எப்படியாவது படத்தில் ஏறிவிடுகிறது. ஒதுக்குப்புறமாக, வாய்க்காலுக்கு அப்பால், பேருந்து போகாத பாதையில் உள்ள சிறு குடியிருப்பே விடுபடுகிறது. ஆதிதிராவிட மக்களின் குடியிருப்புகளும் மலையோரச் சிற்றூர்களும் இவ்வாறு விடுபடுவதைக் காண்கிறோம். எந்த இடத்திற்கு உதவி சென்று சேர்வது கடினமோ அந்த இடத்தின் கலமே வெறுமையாக இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 அவசர ஊர்திக்கு நள்ளிரவில் ஒருவர் அழைப்பு விடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கைப்பேசி காட்டிய தாய்க் கிராமத்தின் பெயரை மட்டும் அவர் படித்துச் சொன்னால், வண்டி அங்கே வந்து நிற்கும். பிரசவ வேதனையில் துடிப்பவரோ மூன்று கிலோமீட்டர் அப்பால் இருப்பார்.

பெயர் மாற்றங்களையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊராட்சி ஒரு குடியிருப்புக்குப் புதுப் பெயர் சூட்டினாலும், நிலப்படங்களில் பழைய பெயர் நெடுநாள் தங்கியிருக்கக் கூடும்.

மூன்றாவது காரணம் கருவியை அமைத்தவரைச் சேர்ந்தது. பெயர் வந்திருக்கும், வேறு கலத்தில் வந்திருக்கும். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டுப் பொதுமக்களே வரைந்து வரும் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் நிலப்படம் ஒன்று உண்டு. அதை வைத்து முகவரி சொல்லும் 'நாமினேட்டிம்' என்ற கணினி நிரல், ஊரின் அளவைப் பொறுத்து மாநகர், பட்டணம், கிராமம், குக்கிராமம் என்னும் வெவ்வேறு தலைப்புகளில் பெயரைத் தருகிறது. பட்டணத்தில் அமர்ந்து செயலியை எழுதியவர் 'மாநகர்' என்னும் தலைப்பை மட்டும் எதிர்பார்த்து எழுதிவிட்டால், நம் கிராமங்கள் அனைத்தும் பெயரற்றவையாகிவிடும். இது நமக்கு மட்டும் நேர்வதன்று. கூகுள் நிறுவனத்தின் முகவரி விடையில், நியூயார்க் நகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினுக்கு ஊர் என்னும் கலம் வருவதில்லை. உட்பகுதி என்னும் கலத்திலேயே பெயர் வருகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விடையில் இல்லாத கலத்தைக் கணினிக்காரர்கள் 'நல்' என்னும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பார்கள். ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். கவனக் குறைவாக எழுதப்பட்ட செயலி அச்சொல்லையே முகவரியில் அச்சிட்டுவிடும். 'நல், நல், விழுப்புரம்' என்று ஒரு சீட்டு வந்தால், நல்லதோர் ஊர் என்று மயங்க வேண்டாம்.

எண்ணே பிழையானால்

நான்காவது காரணம் புள்ளியே தவறாக இருத்தல். திறந்த வெளியில் நல்ல கைப்பேசி சுமார் 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைக் காட்டிவிடும். வீட்டிற்குள்ளும், அடர்ந்த தோப்பிலும், உயர்ந்த சுவரின் ஓரத்திலும் இப்பிழை பல மடங்காகப் பெருகும். ஆகவே படம் எடுப்பவர் வெளியே வந்து, திரையில் காட்டும் துல்லிய அளவு குறையும் வரையில் சற்றுப் பொறுத்து நிற்க வேண்டும். ஊர் எல்லையை ஒட்டிய இடங்களில் இந்த ஒரு நிமிடப் பொறுமை மிக அவசியம். இல்லையென்றால் நம் ஊராட்சியின் வேலை அடுத்த ஊராட்சியின் பெயரில் ஏறிவிடும்.

எண்களை எழுதுவதிலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் மட்டும் எழுதினால் நூறு மீட்டருக்கு மேல் ஐயம் இருக்கும். ஐந்து இலக்கம் எழுதினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரையில் குறிக்கலாம். சில கருவிகள் பாகை, கலை என்னும் முறையில் காட்டும். ஒரு பாகைக்கு 60 கலை. எனவே 11 பாகை 30 கலை என்பதை 11.30 என்று எழுதுவது தவறு, 11.5 என்பதே சரி. இந்தச் சிறு பிழை நம்மை 22 கிலோமீட்டர் அப்பால் கொண்டுபோய்விடும்.

தமிழ்நாட்டில் எங்கு நின்றாலும் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் இடையிலும், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் இடையிலும் இருக்கும். இரண்டையும் முன்பின்னாக மாற்றி எழுதினால் என்ன ஆகும்? கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தின் அருகே வடக்கு 11.9, கிழக்கு 78.9 என்னும் புள்ளி இருக்கிறது. மாற்றி எழுதினால் அது வட துருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவில் விழும். நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் 2008-ஆம் ஆண்டு முதல் பனியின் நடுவே அமைந்திருப்பதும் அந்த இடத்திற்கு அருகில்தான்! தெருவும் ஊரும் வெறுமையாக வந்தால், முதலில் இந்த இரண்டு எண்களின் வரிசையைச் சரிபார்ப்பது நலம்.

அதுபோலவே, இடக்குறி கிடைக்கவில்லையென்றால் பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. பூஜ்யமும் ஓர் இடமே. அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்பது ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில் உள்ள புள்ளி. உலகெங்கும் விடுபட்ட இடக்குறிகள் கணினிகளில் அங்கே போய்க் குவிந்து கிடக்கின்றன.

பதிவேட்டில் எழுதுவது எப்படி?

நிலத்துக்கு நாம் பத்திரம் எழுதும் முறையை எண்ணிப் பார்ப்போம். புல எண்ணும் உட்பிரிவும் எழுதுகிறோம். அத்துடன் நான்கெல்லையும் எழுதுகிறோம். ஒன்று அளவினால் வந்தது. மற்றொன்று ஊரார் வாயினால் வந்தது. ஒன்றில் ஐயம் எழும்போது மற்றொன்று துணை செய்கிறது. இடக்குறியும் முகவரியும் அத்தகையனவே. முகவரியில் எத்தனைக் கலம் வெறுமையாக இருந்தாலும், இரண்டு எண்களும் ஐந்து இலக்கங்களுடனும் தேதியுடனும் பதிவேட்டில் இருந்தால், இடம் தொலைந்து போகாது. ஆகையால் எண்களை எழுதாமல் முகவரியை மட்டும் எழுதும் வழக்கத்தை நாம் அறவே கைவிட வேண்டும்.

அடுத்து, கருவி சொன்ன முகவரிக்கு ஒரு கலமும், ஊராட்சி அறிந்த முகவரிக்கு வேறொரு கலமும் வைத்துக் கொள்வது நல்லது. கருவி தந்ததைத் திருத்தி எழுதினால், பின்னர் அது சொன்னது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்தறிய இயலாமற் போகும்.

ஊராட்சியின் கலத்தில் எழுதும்போது, கீழ்நிலைப் பெயர் கிடைக்காத இடத்தில் மேல்நிலைப் பெயரை இறக்கி எழுதக் கூடாது. குக்கிராமத்தின் பெயர் தெரியவில்லையென்றால் அக்கலத்தை விட்டுவிட்டு, கிராமத்தின் பெயரைக் கிராமத்தின் கலத்தில் எழுதலாம். கிராமத்தின் கலத்தில் தாலுகா நகரின் பெயரை எழுதினால், கணக்கெடுக்கும்பொழுது நம் கிராமத்து வீடுகள் எல்லாம் நகரத்து வீடுகளாகிவிடும். வெறுமையாக விடும் கலத்திலும் ஒரு வேறுபாடு காட்ட வேண்டும். தோட்டத்து வீட்டுக்குத் தெருப் பெயர் 'இல்லை' என்பது முடிந்த செய்தி. தெருப் பெயர் 'விசாரிக்கப்படவில்லை' என்பது செய்து முடிக்க வேண்டிய வேலை. இரண்டையும் வெறுங்கோடாகவே விட்டுவிட்டால், எதை விசாரிக்கச் செல்வது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது.

அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் கருதுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்க எண், தபால் பட்டுவாடாவிற்காக அமைந்தது. ஓர் எண்ணின் கீழ்ப் பல கிராமங்கள் அடங்கும். ஓர் ஊராட்சியின் இரு குக்கிராமங்களுக்கு இரு வேறு எண்கள் இருப்பதும் உண்டு. வருவாய்க் கிராமத்தின் எல்லையும், ஊராட்சியின் எல்லையும், தபால் நிலையத்தின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு முறை பேசியவர்களுக்கெல்லாம் தெரிந்த செய்திதான். எனவே அந்த எண்ணைக் கொண்டு ஊர்ப் பெயரை ஊகித்து நிரப்புதல் ஆபத்தானது.

புதூர், பள்ளிப்பட்டி, மேட்டூர் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வழங்குகின்றன. ஆங்கிலத்தில் எழுதும்பொழுதோ ஓர் ஊருக்கே மூன்று எழுத்துக்கூட்டல்கள் பிறக்கின்றன. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மத்திய ஊராட்சி அமைச்சகம் பேணி வரும் 'லோகல் கவர்ன்மென்ட் டைரக்டரி' என்னும் அடைவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் தரப்பட்டிருக்கிறது. பெயருடன் அந்த எண்ணையும் எழுதினால், எந்தப் புதூர் என்ற கேள்விக்கே இடமில்லை.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் புதிய குறியீட்டை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீடு இதில் அமைந்திருக்கிறது. இடக்குறி தெரிந்தால் கணக்கினாலேயே இதைப் பெறலாம். ஆகவே தெருப் பெயரற்ற தோட்டத்து வீட்டுக்கும் இது உண்டு. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கைப்பேசியின் பிழையே 5 மீட்டர் என்று மேலே கண்டோம். ஒரே வாசற்படியில் இரண்டு முறை பார்த்தால் இரண்டு பக்கத்துக் கட்டங்களின் குறியீடுகள் வரக் கூடும். அதனால் ஒரு முறை நன்றாகப் பார்த்து எழுதியதையே பின்னரும் வழங்க வேண்டும். மேலும், நள்ளிரவில் உதவி கேட்டுப் பதறுபவர் பத்து எழுத்துக் குறியீட்டைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவர் சொல்லப்போவது ஊரின் பெயரையும், கோயிலையும், நீர்த்தேக்கத் தொட்டியையும்தான்.

ஆகவே அந்தப் பெயர்கள் நிலப்படத்தில் ஏற வேண்டும். இதற்கு மேலிடத்து உத்தரவு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சியின் குடியிருப்புகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று இடக்குறி எடுத்து, கருவி என்ன பெயர் சொல்கிறது என்பதையும் அருகில் குறித்துக் கொள்ள வேண்டும். ஓர் இளைஞரும் ஒரு மிதிவண்டியும் இருந்தால் ஒரு நாளில் முடியக்கூடிய வேலை இது. பெயர் வராத குடியிருப்பை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் கணக்குத் தொடங்கி யாரும் சேர்க்கலாம். கூகுள் நிலப்படத்திலும் விடுபட்ட இடத்தைத் தெரிவிக்க வழி இருக்கிறது. எந்தப் பெயரைச் சேர்ப்பது என்பதை மட்டும் அந்தக் குடியிருப்பு மக்களிடமே கேட்டு, கிராம சபையில் வைத்து முடிவு செய்வது முறை. மற்றவர்கள் தங்களை அழைத்து வந்த பெயரை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.

ஒரு படத்தில் சேர்த்த பெயர் மற்றொரு படத்தில் தானாக வந்துவிடாது. சேர்த்த மறுநாளே கைப்பேசியில் தெரியும் என்பதற்கும் உறுதியில்லை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதே தாளை எடுத்துக்கொண்டு, அதே இடங்களில் நின்று மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெயர் வந்த குடியிருப்புகளுக்கு எதிரே தேதியைக் குறித்து, வராதவற்றுக்கு மறுபடியும் எழுத வேண்டும். அதுவரையில் தாளின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகச் சுவரிலும், மற்றொன்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டி வைக்கலாம்.